உபவாசத்தின் நோக்கம் என்ன? ஒரு காரியம் நடக்க எத்தனை நாள் இருக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று: கிறிஸ்தவர்கள் எதற்காக உபவாசம் இருக்கிறார்கள், ஒரு காரியம் கைகூட எத்தனை நாள் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாமா. நடுவில் இருக்கும் கேள்வியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

யாரோ உங்களிடம் நாள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும், அல்லது விசா வராமல் இழுத்துக்கொண்டிருக்கும், தங்கைக்கு வரன் அமையாமல் இருக்கும். மனசு தளர்ந்த அந்த நேரம் பார்த்துத்தான் மூன்று நாள், ஏழு நாள், இருபத்தோரு நாள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தால் இன்னது கிடைக்கும் என்று வேதத்தில் ஓர் இடத்திலும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. மூன்று நாள் இருந்தவர்கள் உண்டு, நாற்பது நாள் இருந்தவர்கள் உண்டு. அது அவரவர் சூழ்நிலை.

நான் இறையியல் படித்தவள் இல்லை. பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மயிலாடியில் 1809-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி கட்டிய ஆலயத்தின் வழிவந்த சபை நாங்கள் என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் வீட்டாருக்கு எப்போதும் பெருமை. கட்டிக்கொடுத்தது கடற்கரை ஊரில், கத்தோலிக்கக் குடும்பம். அதனால் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டமும் தெரியும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் ஒருசந்தியும் தெரியும். இரண்டிலும் நல்லதைப் பார்த்திருக்கிறேன். யாரையும் தாக்க இதை எழுதவில்லை. உபவாசம் இருந்து ஜெபித்தேன், சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்கிறவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். கர்த்தர் இரங்குகிறவர் என்று நானும் விசுவாசிக்கிறேன்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிற ஆள். சர்க்கரை நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகம் போய், கடைசியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றாகிவிட்டது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தண்ணீர் அளவுதான் என்பது பலருக்குத் தெரியாது. அம்மா காலையில் ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடு வரை நிரப்பி வைப்பாள். அன்றைக்கு அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான். மத்தியானம் ஆனதும் அப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். ஒரு வாய் ஊற்றி, விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே இருப்பார். பங்குனி மாத வெயிலில், வேலை செய்தே வாழ்ந்த மனுஷன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்துகொண்டிருந்த ஒரு குழு, சங்கிலி உபவாசம் வைக்கச் சொன்னது. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாள், இடையில் அறுந்துபோகாமல். வைத்தோம். அப்பாவும் ஒரு நாள் எடுத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடணும். உங்களுக்காக நாங்க இருக்கோம்லா" என்று சொல்லி, கூடவே உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டுத்தான் போனார். அவருக்கு இன்றைக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லும்.

          

அப்பா இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே, அந்தக் குழுவில் ஒரு அம்மா என் அம்மாவிடம் கேட்டார்: "சங்கிலி எங்கயாவது அறுந்துதா? யாராவது இடையில சாப்பிட்டீங்களா?" என் தம்பி இரவு டியூட்டி பார்க்கிறவன், அவனுடைய நாளில் டீ குடித்தான் என்பதை அம்மா சொன்னாள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் என் தம்பியை எத்தனை நாள் தூங்கவிடவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். தகப்பனைப் பறிகொடுத்தவன் தலையில் ஒரு டம்ளர் டீயைக் கொண்டு பழியை வைப்பது எந்த விசுவாசம்?

அவனை உட்கார வைத்து நான் வாசித்துக் காட்டியது 2 சாமுவேல் 12. தாவீது ராஜாவின் குழந்தை சாகக் கிடக்கிறது. தாவீது சாப்பிடாமல் இராமுழுதும் தரையில் கிடந்து கெஞ்சுகிறான். ஏழாம் நாள் குழந்தை செத்துப்போகிறது. சேதியைச் சொல்லவே வேலைக்காரர்கள் பயப்படுகிறார்கள். தாவீதோ எழுந்து குளித்து, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறான். பிள்ளை உயிரோடு இருந்தபோது, ஒருவேளை கர்த்தர் இரங்குவாரோ என்று உபவாசித்தேன், இனி அவனை நான் திரும்ப வரவழைக்க முடியுமா என்கிறான். அந்தச் சாவுக்குக் காரணமாக வேதம் சொல்வது தாவீது தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகடித்த துரோகத்தை. உபவாசத்தில் ஏதோ குறை இருந்தது என்று ஒரு வரி இல்லை.

உடனே நினிவேயைக் கொண்டு வருவார்கள், எனக்குத் தெரியும். ஊர் அழியும் என்று யோனா தீர்க்கதரிசி சொன்னதும் நினிவே மக்கள் உபவாசம் இருந்தார்கள், ஊர் தப்பியது, இல்லையா என்பார்கள். ஆம், தப்பியது. ஆனால் யோனா 3-ஐ முழுக்க வாசியுங்கள். கேட்டால் கிடைத்துவிடும் என்று நினிவே ராஜா சொல்லவில்லை. ஒருவேளை தேவன் மனம் திரும்பினாலும் திரும்புவார், யாருக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறான். தாவீதும் அதே நினைப்போடுதான் தரையில் கிடந்தான். ஒருவனுக்குக் கேட்டது கிடைத்தது, ஒருவனுக்குக் கிடைக்கவில்லை. கேட்கிறவன் கையில் ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டு தேவனுக்கு முன்னால் விழுந்து கிடப்பதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. நான் புரிந்துகொண்ட வரையில் உபவாசத்தின் முதல் பாதி இதுதான்.

அடுத்து மத்தேயு 17:21-ஐக் காட்டுவார்கள், ஜெபத்தாலும் உபவாசத்தாலும் மட்டுமே இந்த வகைப் பிசாசு போகும் என்று. அந்த வசனம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், நாள் கணக்கு அங்கேயும் கிடையாது.

மறு பாதி ஏசாயா 58. எல்லாரும் தவறாமல் வாசிக்கிற அதிகாரம், ஆனால் உபவாசக் கூட்டத்தில் அதிகம் பிரசங்கிக்கிறதை நான் கேட்டதில்லை. நாங்கள் உபவாசம் இருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். அதற்குக் கர்த்தர் சொல்லும் பதில் கடுமையானது. உபவாச நாளிலேயே உங்கள் வேலைக்காரர்களை வதைக்கிறீர்கள், வழக்காடுகிறீர்கள் என்கிறார். எனக்குப் பிரியமான உபவாசம் கட்டுகளை அவிழ்ப்பது, பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது என்கிறார். அதாவது, நீ சாப்பிடாமல் விட்ட சோறு எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

ஆதிச் சபை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்தீதஸ் என்பவர் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியபோது, தங்களில் ஓர் ஏழை இருந்து, கொடுக்கத் தங்களிடம் மிச்சம் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அவனுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள் என்று எழுதினார். ஹெர்மாஸின் மேய்ப்பன் என்கிற பழைய நூலில், நீ அன்றைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டிய உணவின் செலவைக் கணக்குப் பார்த்து விதவைக்கோ அனாதைக்கோ கொடு என்றே இருக்கிறது. நாள் கணக்கு கேட்டீர்கள் அல்லவா, உபவாசத்தில் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.

எங்கள் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனாலும் உபவாசம் இருக்கிற வெள்ளிக்கிழமை தனக்கு ஆக வேண்டிய அரிசியை உழக்கில் அளந்து தனியாக எடுத்து வைப்பாள். தினமும் உலையில் போடும் முன்பு எடுக்கும் பிடியரிசி சபைக்கு, இது வேறு. அளக்கும்போது கையால் வழிக்க மாட்டாள், குவித்துத்தான் அளப்பாள். "நமக்குன்னா வழிக்கலாம், குடுக்குறதுக்கு வழிக்கப்பிடாது" என்பாள்.

கல்யாணம் ஆகிப் போன இடத்திலும் அதையேதான் பார்த்தேன். கத்தோலிக்கச் சட்டப்படி தவக்காலத்தில் விலக்க வேண்டியது இறைச்சி. மீன் சாப்பிடலாம். ஆனால் கடற்கரையில் இறைச்சி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம், மீன்தான் அன்றாடச் சோறு. அதனால் என் மாமி தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை மீனையும் தொட மாட்டார். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் ஆள் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. அடுத்து வந்த தவக்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் தினமும் பயறும் துவையலும்தான். மாமா கொண்டு வரும் மீனில் மாமி தன் பங்குக்கு நல்ல சாளையாகப் பொறுக்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைப்பார். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காமல், என்னைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்லி, சட்டியோடு அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். தவக்காலத்தில் மீன் கொடுத்தால் ஊர் பேசாதா என்று நான் கேட்டேன். "சின்னப் பிள்ளையளுக்கு ஏது மக்ளே ஒருசந்தி? ஆறுறதுக்கு முன்ன கொண்டு குடு" என்றார். ஊரில் யாரிடமும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. உபவாசிக்கும்போது முகத்தை வாடலாக வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு என்று இயேசு சொன்னாரே (மத்தேயு 6), அது அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் சும்மா தானம் செய்தால் போதாதா, பசி எதற்கு என்று கேட்பீர்கள். போதாது என்பது என் அபிப்பிராயம். வயிறு நிறைந்திருக்கும்போது கொடுப்பது மிச்சத்தை. பசியோடு இருக்கும்போது அடுத்தவன் பசி காதில் விழுகிறது. ஜெபமும் அப்படித்தான். மத்தியானம் ஒரு மணிக்கு வயிறு எரியும்போது, எனக்கு எல்லாம் நானே சம்பாதித்தது என்கிற நினைப்பு நிற்காது. அன்றன்றுள்ள அப்பத்தைத் தாரும் என்று அப்போது சொன்னால் அது மனப்பாடமாக வருவதில்லை. மணவாளனாகிய தாம் எடுபடும் நாள் வரும், அப்போது உபவாசிப்பார்கள் என்று இயேசு சொன்னது (மத்தேயு 9:15) துக்கத்தையும் ஏக்கத்தையும் பற்றியது. அவர் இல்லாத குறையை உடம்பும் உணர வேண்டும் என்றுதான் பெரிய வெள்ளிக்கிழமை பல சபைகளிலும் பட்டினி கிடக்கிறோம்.

இனித் தண்ணீர். தாராளமாகக் குடியுங்கள். எஸ்தர் ராணி மூன்று நாள் தண்ணீரும் குடிக்காமல் இருக்கச் சொன்னது ஓர் இனமே அழியப்போகிற நெருக்கடியில். தானியேல் தீர்க்கதரிசி மூன்று வாரம் விட்டது ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான். கத்தோலிக்க ஒழுங்கில் 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்குத்தான் ஒருசந்தி கடமை, அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான். ஒரு முழுச் சாப்பாடும், இரண்டு வேளை கொஞ்சமாகவும் சாப்பிடலாம், தண்ணீருக்குத் தடை இல்லை. பூசையில் அப்பம் வாங்கும் நற்கருணைக்கு முன்பு நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று இருந்ததையே 1953-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் தளர்த்திவிட்டார். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் கேட்பது வீட்டில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிற ஒருவருக்காக என்றால், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் விட வைக்காதீர்கள். அவர் சாப்பிடட்டும், அவருக்காக நீங்கள் இருங்கள்.