ஏரி மீட்புக்குப் பசுமைப் பத்திரம் சரிவருமா?

ஏரியைத் தூர்வாரிக் கரையில் மரம் நட உங்கள் நகராட்சி பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் வேலைகளுக்காக முதலீட்டாளர்களிடம் வாங்கும் கடன்) வெளியிடலாமா, நிதி ஆலோசகர் தயங்குகிறாரே என்று கேட்டிருந்தீர்கள். ஏரியை மட்டும் காட்டிப் பத்திரம் வெளியிடுவது கஷ்டம். தூர்வாரி மரம் நட்டால் வெள்ளம் குறையும், ஆனால் கடனை அடைக்கக் காசு வராது. ஆலோசகர் தயங்குவது அதனால்தான் இருக்கும்.

உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் மாநகராட்சி 2021-ல் பசுமைப் பத்திரத்தில் 150 கோடி ரூபாய் திரட்டியது, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் திட்டத்துக்கு. விற்க ஒரு பொருள் இருந்தது!

உங்கள் ஏரியில் சாக்கடை கலக்கிறதா? பக்கத்து ஆலைகள் லாரித் தண்ணீருக்கு என்ன விலை கொடுக்கின்றன என்று விசாரியுங்கள். சாக்கடையைச் சுத்திகரித்து அதைவிட மலிவாகத் தண்ணீர் தர முடிந்தால் கடனுக்கு வழி உண்டு.

கரை மரங்களில் விற்க ஒன்றும் இல்லை, அவற்றுக்கு மானியம்தான் வழி. நட்ட மரம் பிழைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் ஒவ்வொரு மரத்துக்கும் தனி எண். மரத்தைப் பராமரித்து, செல்போனில் படம் எடுத்து அனுப்புபவர்களுக்குக் கூலி.

ஆனால் மானியம் பெரும்பாலும் நடும் செலவோடு நின்றுவிடும். மூன்றாம் வருஷம் தண்ணீர் ஊற்றுபவர் சம்பளத்தை இப்போதே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.