லூனாசிக்ஸுக்கு எந்த பேட்டரி?

வணக்கம் சார்,

அப்பாவின் பெட்டியில், படமெடுக்க வெளிச்சத்தை அளக்கும் கோசன் லூனாசிக்ஸ் 3 லைட் மீட்டர் கிடைத்தது. அதற்குரிய பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. எல்ஆர்44 பட்டன் செல் இரண்டு போட்டேன், முள் கூடுதலாக ஏறுகிறது. வோல்ட்டைக் கொஞ்சம் இறக்க ஷாட்கி டையோடு சேர்த்துப் பார்த்தேன். மல்டிமீட்டரில் வோல்ட் குறையவே இல்லை. 9 வோல்ட் பேட்டரியும் எல்எம்317 வோல்டேஜ் ரெகுலேட்டரும் வைத்து 2.7 வோல்ட் எடுக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

டையோடு சரியாகத்தான் இருக்கும், அளந்த விதம்தான் கோளாறு. மல்டிமீட்டர் வழியே ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட ஓடாது. அந்த அளவில் டையோடு எதையும் பெரிதாக இறக்காது. செல்லும் டையோடும் சேர்ந்த வரிசைக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் இரு முனையிலும் அளந்து பாருங்கள்.

எல்எம்317 வேண்டாம். அது ஒழுங்காக நிற்கவே சில மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். மீட்டருக்கு வேண்டியதோ மைக்ரோ ஆம்பியர் கணக்கு. யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிடும்.

பாதரச செல்லின் பெருமை அதன் 1.35 வோல்ட்டில் இல்லை, அந்த 1.35 கடைசிவரை அசையாமல் நின்றதில் இருக்கிறது. அதை நம்பித்தான் மீட்டரை அளவிட்டார்கள். எல்ஆர்44 ஆல்கலைன், 1.5-ல் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். இன்றைக்கு ஒரு தப்பு காட்டும், இரண்டு மாதம் கழித்து வேறு தப்பு. எஸ்ஆர்44 வாங்குங்கள். சில்வர் ஆக்ஸைடு, 1.55-ல் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பிஏடி85 ஷாட்கி டையோடு. 100 மைக்ரோ ஆம்பியரில் சுமார் 0.2 வோல்ட் இறக்கும். கடைக்காரர் 1என்5819-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அது பெரிய மின்னோட்டத்துக்கானது, இங்கே போதுமான அளவு இறக்காது.

பழைய செல் சுமார் 16 மில்லிமீட்டர் அகலம், எஸ்ஆர்44 11.6 தான். சுற்றியுள்ள இடைவெளியில் டையோடு உட்கார்ந்துவிடும். செல்லின்மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் வைத்தேன். செல் உப்பி, ஒழுகி, மேஜை நாசம். மெல்லிய பித்தளைத் தகட்டில் டையோடைப் பற்றவைத்து, தகட்டைச் செல்லோடு அழுத்தி வையுங்கள்.

மங்கிய வெளிச்சத்தில் மின்னோட்டம் குறைவதால் டையோடு இறக்குவதும் குறையும், முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும். நிலா வெளிச்சத்தில் படம் எடுப்பவர் என்றால் காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க் ஏர் செல் நல்லது, 1.4 வோல்ட். ஆனால் ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டால், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் காய ஆரம்பித்துவிடும்.

எல்லாம் செய்தபின், உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்துப் பாருங்கள். எஃப்16 துவாரத்துக்கு 1/125 வினாடி பக்கம் காட்ட வேண்டும். இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு) தள்ளிக் காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் பேட்டரியாக இருக்காது, உள்ளே இருக்கும், வெளிச்சத்தை உணரும் காட்மியம் சல்பைடு செல்லுக்கு வயதாகியிருக்கலாம். அப்போது மீட்டரைத் திறக்கும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.