பம்ப் செய்தால்தான் பிடிக்கும் பிரேக்: பூஸ்டர் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 1986ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4 உள்ளது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது. சென்ற மாதம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியபோது, பர்லியாறு அருகே கருகல் வாடை வந்தது. பெடல் கல்லைப் போல இறுகியிருந்தும் வண்டி சரியாக நிற்கவில்லை. பூஸ்டர் வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, பெடல் வீணாக இறங்குவது. மற்றொன்று, சூடேறிய பிறகு, பிரேக்கில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையான லைனிங்கின் பிடிப்புக் குறைவது. பூஸ்டர் உங்கள் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும். இவ்விரண்டில் எதையும் தீர்க்காது. மாறாக, கோளாறை மறைத்துவிட்டு மலையிறக்கத்தில் கைவிடும் என்பதே என் கவலை.

இரண்டாம் மிதியில் பெடல் உயர்வது, பெரும்பாலும், பிரேக் ஷூவுக்கும் (லைனிங் ஒட்டியிருக்கும் வளைந்த தகடு) டிரம்முக்கும் (அதைச் சுற்றிச் சக்கரத்தோடு சுழலும் உருளை) நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டதற்கான அடையாளம். முதல் மிதியில் தள்ளப்படும் பிரேக் ஆயில் முழுவதும் ஷூவை டிரம் வரை கொண்டுசேர்ப்பதிலேயே செலவாகிவிடுகிறது. ஸ்பிரிங் ஷூவை முழுமையாகப் பின்னுக்கு இழுப்பதற்குள் நீங்கள் மறுபடி மிதிப்பதால்தான் அப்போது பிடிக்கிறது. இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் தெளிவாக உயர்ந்து நின்றால் பின்சக்கர ஷூக்கள்தாம் தள்ளியிருக்கின்றன. உயரவில்லையென்றால் முன்சக்கரங்களிலிருந்து தொடங்க வேண்டும். சரிசெய்யும்போது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டிக்கு ஸ்டாண்ட் கொடுத்து, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். ஒரு சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் பழக்கம் பட்டறைகளில் உண்டு.

அட்ஜஸ்ட் செய்த பிறகும் பெடல் பஞ்சுபோல அமிழ்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். பெடலை ஒரே சீராக அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு எங்கும் இல்லாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இனி, மலையிறக்கம். நான்கு பேருடன் உங்கள் வண்டியின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேலும் இருப்பதால், நீங்கள் இறங்கிய உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சின் தாங்காத பங்கின் பெரும்பகுதி நான்கு டிரம்களில்தான் சூடாக இறங்குகிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகுவதால் பெடல் தாழும். லைனிங்கின் உராய்வும் குறையும். ஆயில் கொதித்தால் உண்டாகும் ஆவி அமுங்குவதால் பெடல் தரை வரை போய்விடும். உங்கள் பெடல் கல்லைப் போல இருந்தது என்பதால், அன்று ஆயில் கொதிக்கவில்லை, லைனிங்தான் கைவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆகவே நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். நல்ல லைனிங்கின் மேற்பரப்பு மங்கலாக, சற்றே சொரசொரப்பாக இருக்கும். கண்ணாடிபோல மின்னினால் அது சூட்டில் இறுகிவிட்டது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. விரலில் தொட்டுப் பாருங்கள்: கெட்டியாகப் பிசுபிசுத்து கந்தக வாடை அடித்தால் பின் ஆக்சில் ஆயில் சீல் கசிகிறது, நீர்த்து வழவழப்பாக இருந்தால், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைப்பது பயன் தராது. சூடேறும்போது எண்ணெய் மறுபடி மேலே வரும். கசிவை நிறுத்திவிட்டு, அந்த ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

புது லைனிங் போட்டாலும் அது டிரம்மின் வளைவில் முழுமையாகப் படிகிறதா என்பதே நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். டிரம்மின் உட்புறம் சாக்பீஸைத் தடவி, மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி உதவியாளரை லேசாகப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். ஷூவின் பெரும்பரப்பில் வெள்ளை ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் ஒட்டியிருந்தால், அவ்வளவுதான் உங்கள் பிரேக். லேத்தில் பலமுறை கடைந்த டிரம்மில் இது சாதாரணமாக நிகழும். வரம்பைத் தாண்டி மெலிந்த டிரம் சூட்டையும் தாங்காது. அதை மாற்றுவதே சரி.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறிய பின் அந்த அளவுகோல் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவை 230, 155. மலைப் பயணம் உண்டு என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றி, டாட் 4 ஊற்றுங்கள். சிலிகோன் வகையான டாட் 5ஐ இதனுடன் கலக்கக் கூடாது. ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள். கப் ஊதிப் பழுதாகிவிடும்.

சக்கரங்களுக்கு ஆயிலைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ்களையும் வயதைக் கணக்கிட்டே மாற்றுங்கள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்த ஒரு வண்டியில், வெளியே கீறல்கூட இல்லாத ஹோஸை நானே குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உட்குழாய் ஊதி, ஊசி நுழையும் அளவுக்கே வழி இருந்தது. அழுத்தம் உள்ளே போகிறது, திரும்பி வருவதில்லை. ஷூ டிரம்மை உரசியபடியே ஓடிச் சூடாகிறது. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே சிறிதளவு தளர்வான இடைவெளி இல்லாவிட்டாலும் இதே கதிதான். அப்போது நான்கு சக்கரங்களும் சேர்ந்து உரசும்.

இவ்வளவும் முடிந்து, காலியான சாலையில் 20 கி.மீ. வேகத்தில் தொடங்கிச் சோதித்து, 500 கி.மீ. ஓட்டி லைனிங் படிந்தபின் மறுபடி அட்ஜஸ்ட் செய்யுங்கள். அதன் பிறகும் வண்டி நேராக, சீராக நிற்கிறது, ஆனால் கால் வலிக்கிறது என்றால் பூஸ்டர் வைத்துக்கொள்ளலாம். அது எஞ்சினின் வெற்றிடத்தில் இயங்குவது என்பதால் இறக்கத்தில் எஞ்சினை அணைக்கவே கூடாது; பூஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குன்னூர் தாண்டியதும் இரண்டாம் கியரில் போட்டே இறங்குங்கள்.