படித்தது தேர்வில் வராதது ஏன்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இப்போது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்தவள்தான். முதல் செமஸ்டரில் கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர் விழுந்துவிட்டது. ஒவ்வொரு யூனிட்டையும் நான்கைந்து முறை படித்துவிட்டுத்தான் போனேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. வினாத்தாளைப் பார்த்தால் எழுத வருவதில்லை. என் ஞாபகசக்தி குறைந்துவிட்டதா?
– மாணவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் ஞாபகசக்திக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. பள்ளியில் உங்களுக்காக ஆசிரியர்கள் செய்துகொண்டிருந்த ஒரு வேலை கல்லூரியில் நின்றுபோயிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள்: காலையில் சிறுதேர்வு, வாரக் கடைசியில் ஒரு தேர்வு, காலாண்டு, அரையாண்டு, பிறகு அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வுகள் என்று ஒரே பாடத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்! மதிப்பெண் போடுவதற்கான சடங்கு என்றுதான் அவற்றை நாம் நினைத்தோம். பாடம் மனத்தில் ஊன்றியதில் பெரும்பங்கு அந்தத் தேர்வுகளுக்கே உரியது. கல்லூரியிலோ செமஸ்டருக்கு இரண்டு இன்டர்னல் தேர்வுகளோடு சரி. மீதி உங்கள் பொறுப்பு.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி படிக்கவும், மற்றவர்களைப் பத்தியை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்ததை எழுதவும் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழானது: மூடிவைத்து எழுதியவர்கள் 56 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள், மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடுதான் மிஞ்சியிருந்தது. நீங்கள் சொல்லும் அந்தத் 'தெரிந்ததுபோல்' உணர்வு, முதல் ஐந்து நிமிடத்துக்கு உரிய உணர்வு. நோட்ஸைப் பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, வெற்றுத்தாளில் எழுத வருவது வேறு.

ஆகவே, நாளை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மேட்ரிக்ஸ் யூனிட்டில் கெய்லி–ஹாமில்டன் தேற்றக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்வை ஒரு முறை புரிந்து படித்துவிட்டு, நோட்டை மூடி, வெள்ளைத்தாளில் தொடக்கத்திலிருந்து போடுங்கள். 3×3 மேட்ரிக்ஸின் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷனில், குறிகளை விட்டுப் பார்த்தால், λ²-இன் கெழு முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல், கடைசி எண் அணிக்கோவையின் மதிப்பு என்பவை எளிதாக வந்துவிடும். நடுவில் வரும், முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளின் கூடுதலில் தடுமாறுவீர்கள். தடுமாறியதும் நோட்டைத் திறக்காமல் இரண்டு நிமிடம் முயலுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். எங்கே நின்றீர்கள் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டு, மூன்று நாள் கழித்தும் அடுத்த வாரமும் அதே கணக்கை எண்களை மாற்றிப் போடுங்கள். மேட்ரிக்ஸை அதன் சமன்பாட்டிலேயே பிரதியிட்டால் பூச்சிய அணி வர வேண்டும் என்பதே இந்தத் தேற்றம் என்பதால், விடை சரியா என்று பார்க்க உங்களுக்கு யார் தயவும் தேவையில்லை.

கணக்குகளைக் கலந்து போடுவது இன்னொரு பழக்கம். ஒரே வகையில் பத்துக் கணக்குகளை வரிசையாகப் போட்டால் கை ஓடும். ஆனால், எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பாடத்தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. பகுதித் தொகையிடலா, பகுதிப் பின்னமா, பிரதியிடலா என்று முடிவெடுப்பதுதான் அங்கே பாதிக் கணக்கு. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, பல யூனிட் கேள்விகளைத் துண்டுகளாக்கிக் குலுக்கி எடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலில் சலிப்பாகவும் மெதுவாகவும் இருக்கும், தவறுகளும் கூடும். அதனால் பயன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அரியர் தாள்கள் அடுத்த செமஸ்டர் தாள்களோடு சேர்ந்தே வரும். அவற்றை ஸ்டடி ஹாலிடேஸுக்குத் தள்ளாமல், இப்போதிருந்தே வாரத்தில் மூன்று நாள் தலா முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் தயக்கமும் இதில் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கருத்தை முதலில் தோழியிடம் தமிழில் வாய்விட்டு விளக்குங்கள். அது தடையின்றி வந்த பிறகு விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். புரியாத ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு சொல் மறந்தாலும் விடை முழுவதும் நின்றுவிடும்.

கேள்வி: இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முக்கியமான வரிகளை ஹைலைட்டரால் தீட்டித்தான் படிப்பேன். இப்போது பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. வேறு வழி உண்டா?
– மாணவர், மதுரை

பதில்: உண்டு. பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு டன்லாஸ்கியும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், கோடிடுவதும் வண்ணம் தீட்டுவதும் பயன் குறைந்த முறைகளின் வரிசையில்தான் இடம்பெற்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே உயர்ந்த பயனுடையவை என்று மதிப்பிடப்பட்டன.

உங்கள் பாடத்துக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த குறிப்பு முறை பொருந்தும். தாளில் இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போட்டு, வலப்புறம் வகுப்பில் குறிப்பெடுங்கள். இடப்புறத்தை அன்று மாலை கேள்விகளால் நிரப்புங்கள். '1919ஆம் ஆண்டுச் சட்டம்' என்று எழுதினால் அது தலைப்பு, அதனால் பயனில்லை. 'இரட்டையாட்சியில் கல்வியும் உள்ளாட்சியும் அமைச்சர்களிடம், நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். இந்தப் பிரிவினை நீதிக்கட்சி அமைச்சரவையை எப்படிக் கட்டுப்படுத்தியது?' என்று எழுதினால் அது கேள்வி. வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கலாம். அடுத்த வாரம் 1935ஆம் ஆண்டுச் சட்டம் வரும்போது, மாகாணங்களில் இரட்டையாட்சி ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு இந்தக் கேள்வியே பாதி விடையாக இருக்கும். ஹைலைட்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பதில் சொல்ல வராத இடத்தில் மட்டும் தீட்டுங்கள்.

கேள்வி: என் மகன் விடுதியில் இரவு இரண்டு மணி வரை விழித்துப் படிப்பதாகச் சொல்கிறான். அதிகாலையில் எழுந்து படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.
– தந்தை, தென்காசி

பதில்: ஐயா, விடியற்காலைக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை. அந்நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள், கைபேசியும் ஓய்ந்திருக்கும் என்பதே அதன் பலம். அதே அமைதி உங்கள் மகனுக்கு இரவில் கிடைக்கிறது என்றால் இரவில் படிக்கட்டும். ஆனால், அன்று படித்தது நினைவில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு வகுப்புக்குப் புறப்படுபவர் படிப்பின் ஒரு பகுதியை அன்றன்றே இழக்கிறார். எந்நேரம் படிக்கிறாய் என்று கேட்பதை விட்டு, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேளுங்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், குறைக்க வேண்டியது இரவு உணவுக்குப் பின் கைபேசியில் போகும் நேரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.