ஒரு நகரத்தின் இருபதாம் நூற்றாண்டை மக்களின் வாழ்க்கை வழியாகச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பிரம்மாண்டமான இடம் இல்லை. பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றுக்குள் நடக்கிறது.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது 1867இல் நகராட்சியின் ஆறாவது வட்டமாகப் பெயர் பெற்ற பகுதி. விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்கள், முஸ்லிம்கள், யூதர்கள், இந்திய வணிகர்கள், கறுப்பின மக்கள், துறைமுகக் கூலிகள் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கு மட்டும் உரிய பகுதியாக அறிவித்தது. அது சேரி, குற்றம் பெருகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். துறைமுகத்துக்கும் நகர மையத்துக்கும் பக்கத்தில் இருந்த நிலம் அது என்பதைச் சொல்லவில்லை. 1980களின் தொடக்கத்துக்குள் 60,000க்கும் மேற்பட்டவர்களை கேப் ஃப்ளாட்ஸ் மணல்வெளிக்குத் துரத்திவிட்டு வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். வழிபாட்டுத் தலங்களில் சில மட்டும் தப்பின.

இடித்துத் தள்ளிய ஊரைப் பற்றி எதை வைத்துக் கண்காட்சி நடத்துவது? 1994 டிசம்பரில் அருங்காட்சியகம் திறந்தபோது அந்தத் தெருக்களின் பெயர்ப் பலகைகளைத் தொங்கவிட்டார்கள். இடிப்பு வேலையைப் பார்த்த ஒருவரே அவற்றைத் தூக்கி எறியாமல் வருடக்கணக்கில் தன் வீட்டில் வைத்திருந்திருக்கிறார். அதற்குக் கீழே, தரை முழுக்க அந்தப் பகுதியின் வரைபடம். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பேனாவால் பெயர் எழுதினார்கள். இன்னொரு பக்கம் நீளமான வெள்ளைத் துணி. வந்தவர்கள் அதில் எழுதியதை அப்புறம் நூலால் தைத்து வைத்தார்கள்.

எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. பெரும்பாலான நகர அருங்காட்சியகங்களில் மக்களின் வாழ்க்கை என்றால் ஒரு பழைய தையல் மெஷின், ஒரு ரேடியோ, பக்கத்தில் நிபுணர் எழுதிய நாலு வரி. பொருளுக்குச் சொந்தக்காரர் யார் என்றே தெரியாது. இங்கே குறிப்பு எழுதியதே அந்தச் சொந்தக்காரர்கள்தான். அதுவும் அழிந்துபோனவர்களாக அல்ல, உயிரோடு இருந்து உரிமை கேட்பவர்களாக. 1994இல் நில மீட்புச் சட்டம் வந்த பிறகு, நிலத்தைத் திரும்பக் கேட்டவர்கள் இந்தக் கட்டடத்தில்தான் கூடிப் பேசினார்கள்.

ஒரு விமர்சனமும் எனக்கு உண்டு. 'எல்லா இனத்தவரும் ஒற்றுமையாக வாழ்ந்தோம்' என்ற இனிப்பான நினைவில் கதை எளிதாக நின்றுவிடும். 1901இல் பிளேக் பரவியபோதே நோயைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்களை அங்கிருந்து பிடுங்கி நகர எல்லைக்கு அனுப்பினார்கள். 1966ஐ மட்டும் பேசினால் இது காணாமல் போகும். 2000இல் திறந்த 'டிக்கிங் டீப்பர்' கண்காட்சி இந்தக் குறையை நேராகக் கையில் எடுத்தது. அதில் ஒரு கறுப்பினக் குடும்பம் மொத்தமும் வாழ்ந்த ஒற்றை அறையை அப்படியே அமைத்தார்கள். சமையல், படுக்கை, விருந்தாளி எல்லாம் அந்த ஓர் அறைக்குள். தன் கதையைத் தானே திருத்திக்கொண்ட அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

போகிறவர்கள் முன்னாள் குடியிருப்பாளர் யாராவது வழிகாட்டியாக வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். தனியாகச் சுற்றினால் பாதிதான் புரியும். முடிந்ததும் பழைய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நிலத்துக்கு நடந்தே போங்கள், பக்கம்தான். ஒரு பெரும்பகுதியில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்துவிட்டது, இன்று அது பல்கலைக்கழகம். மீதியில் புல் முளைத்த வெற்றிடங்கள் நிறைய. வீடு திரும்பக் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காத்திருந்தே இறந்துபோனவர்கள் பலர். அதைக் கண்ணால் பார்த்த பிறகு, நேரம் இருந்தால் மறுபடி உள்ளே வந்து அந்தத் தரை வரைபடத்தை இன்னொரு தடவை படியுங்கள்.