கால்கள் அமிழ்வது ஏன்?

கேள்வி: சிறுவயதில் எங்கள் ஊர்க் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவன் நான். இப்போது 46 வயதில், நகரத்து நீச்சல்குளத்தில், குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைல் பழகி வருகிறேன். 25 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. எவ்வளவு வேகமாக உதைத்தாலும் கால்கள் கீழே இறங்கிவிடுகின்றன. கால்களுக்கு வலுவேற்றத் தனிப் பயிற்சி தேவையா?
– வாசகர், ஈரோடு

பதில்: தேவையில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், குறை கால்களில் அன்று, தலையில்தான் இருக்க வேண்டும். கிணற்றில் நீந்துகிறவர் சுற்றுச்சுவரையும், மேலிருந்து குதிப்பவரையும் கவனித்தாக வேண்டும் என்பதால் முகத்தை நீருக்கு மேலே வைத்தே பழகுகிறார். அங்கே அது சரியான வழக்கம். ஃப்ரீஸ்டைலில் அதுவே உங்களுக்குத் தடையாகிறது.

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் நீர் நம் மார்புப் பகுதியையே அதிகம் தாங்குகிறது. உடலின் எடை மையமோ அதற்குக் கீழே, தொப்புளை ஒட்டி அமைந்திருக்கிறது. இந்த இடைவெளியால் கால்கள் இயல்பாகவே தாழப் பார்க்கும். அதோடு தலையையும் தூக்கினால், கிணற்றுத் துலாவின் ஒரு முனை உயர மறுமுனை தாழ்வதுபோல, இடுப்பும் கால்களும் இன்னும் ஆழத்திற்குப் போய்விடுகின்றன. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் சரிந்த உடலைத் தள்ளிக்கொண்டு போவது, பலகையைக் குறுக்கே பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும். அதை ஈடுசெய்ய நீங்கள் வேகமாக உதைக்கிறீர்கள். தொடைத் தசைகள் பெரியவை, ஆக்சிஜனை மிகுதியாகச் செலவழிப்பவை. ஆகவேதான் பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது.

1922இல் 100 மீட்டரை முதன்முதலாக ஒரு நிமிடத்திற்குள் நீந்திய ஜானி வைஸ்முல்லரும் தலையை உயர்த்தியே நீந்தினார் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான்; ஆனால் அவருக்கு இருந்த வேகமும் உதைப்பும் நமக்கு இல்லை என்பதால், அந்த முறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

குளத்தின் தரையில் உள்ள கறுப்புக் கோட்டை நேர் கீழாகப் பாருங்கள். பிடரி மடங்காமல் நீண்டிருக்கட்டும். மார்பை நீருக்குள் மெல்ல அழுத்தி, அடிவயிற்றைச் சற்று உள்ளிழுத்துக்கொண்டால், இடுப்பு தானாக மேலே வரும். இதை உணர்வதற்கு ஒரு பயிற்சி உண்டு. சுவரை உந்திவிட்டு, இரு கைகளையும் முன்னே நீட்டி, உதைக்காமல் வழுக்கிச் செல்லுங்கள். முதலில் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியும், பிறகு தரையைப் பார்த்தபடியும் செய்து, எப்போது கால்கள் விரைவில் இறங்குகின்றன என்று கவனியுங்கள். என் அனுபவத்தில், எத்தனை விளக்கம் சொன்னாலும் கிடைக்காத தெளிவு இந்த ஒப்பீட்டில் கிடைத்துவிடுகிறது. தொடைகளுக்கு நடுவே மிதவை வைத்து நீந்துவது, இடுப்பு உயர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அறிய உதவும். ஆனால் அது உங்கள் வேலையைத் தானே செய்துவிடுவதால், ஒன்றிரண்டு சுற்றுகளுக்கு மேல் வேண்டாம்.

உதைப்பு இடுப்பிலிருந்து தொடங்கி, சிறியதாக இருக்கட்டும். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கினால் தொடை நீரோட்டத்திற்குக் குறுக்கே வந்து, பெற்ற வேகத்தைக் குறைத்துவிடும். கணுக்கால் தளர்ந்திருக்க, கால்விரல்கள் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மூச்செடுக்கத் திரும்பும்போதெல்லாம் என் உடல் கோணலாகி, வாயில் தண்ணீர் புகுகிறது. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கழுத்தை மட்டும் திருப்பாமல், தோளும் இடுப்பும் சேர்ந்து 30 முதல் 45 பாகை வரை உருளும்போது அந்த உருளலோடு தலையையும் திருப்புங்கள். ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கட்டும். முன்னேறும் தலையின் பக்கவாட்டில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து ஒரு பள்ளம் உண்டாகும். காற்றெடுக்க அந்த இடமே போதும். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுவதும் வெளிவிட்டிருந்தால்தான், திரும்பிய கணத்தில் உள்ளிழுக்க நேரம் கிடைக்கும். முன்னே நீண்டிருக்கும் கையை அப்போது ஊன்றுகோலாக்கிக் கீழே அழுத்துவதே கோணலுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. மூச்செடுத்து முகம் மறுபடி நீருக்குள் திரும்பும்வரை அந்தக் கை, தோளுக்கு நேராக, தலைக்குக் குறுக்கே வராமல், நீண்டபடியே இருக்க வேண்டும்.