பிராம்ப்டனில் கைக்குழந்தையோடு மண் பொம்மைத் தொழில்: ஈர வேலை வீட்டில், சூளை வெளியில்

கணவருக்கு இங்கே வேலை, உங்களுக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட் (யாரிடமும் வேலை செய்ய விடும் அனுமதி), மூன்று வயதில் ஒரு பெண், பத்து மாதத்தில் ஒரு பையன், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிராம்ப்டனில் பேஸ்மென்ட் வாடகை வீடு. மதுரை விளாச்சேரியில் கற்றுக்கொண்ட மண் பொம்மை வேலையை இங்கே வீட்டிலிருந்தே செய்து விற்கலாமா, சின்னதாக ஒரு மின்சூளை வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்று கூப்பிட்டதால் உரிமையோடு சொல்கிறேன். தொழிலைத் தாராளமாகத் தொடங்குங்கள். சூளையை மட்டும் இப்போது வாங்காதீர்கள்.

இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டேதான் நானும் இந்த வேலையை இங்கே செய்து வருகிறேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஈரமாக இருக்கும்வரை மண் நல்ல மண். காய்ந்துவிட்டால் அதை வேறு பொருளாகவே நினைக்க வேண்டும். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு மெல்லிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும், அதற்குத் தீர்வு கிடையாது. ஊரில் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து செய்தோம், காற்று அடித்துக்கொண்டு போனது. இங்கே பேஸ்மென்டில் ஜன்னலே உள்ளங்கை அகலம்தான். ஆறு மாதம் அதையும் திறக்க முடியாது. தரையில் தவழும் பையன் தரைத் தூசியைத்தான் முதலில் சுவாசிப்பான்.

அதனால் சில பழக்கங்களை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். தூள் மண் வாங்கிக் கரைக்காதீர்கள். பதமாகப் பிசைந்து பையில் வரும் மண்ணையே வாங்குங்கள். மண் விற்கும் கடைகள் என்று ஓக்வில்லில் பாட்டரி சப்ளை ஹவுஸ் இருக்கிறது, ரிச்மண்ட் ஹில்லில் டக்கர்ஸ் இருக்கிறது. இரண்டு இடத்திலும் சிவப்பு மண் கிடைக்கும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, சாதாரண வேக்யூமும் கூடாது, அது தூசியை வடிகட்டாமல் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும். ஈரத் துணியால் துடைப்பது ஒன்றுதான் வழி. காய்ந்த பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை வீட்டில் வேண்டாம். வழவழப்பு வேண்டுமென்றால் மண் இறுகி, இன்னும் ஈரமாக இருக்கும் பதத்திலேயே ஸ்பாஞ்சால் நீவி முடித்துவிடுங்கள். கார்பெட் போட்ட அறையில் உட்கார வேண்டாம். வேலைக்கு என்று ஒரு சட்டை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஈர வேலையில் தாய்மாருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, நடுவில் நிறுத்தலாம். பையன் அழுதால் பொம்மைமேல் பாலிதீன் பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாம். இன்னும் நல்ல வழி, மூடி இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி, அடியில் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இறுகவிடுங்கள். அது இறுகும்போது கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கலக்கும் வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இறுகியபின் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, அரைகுறையாக நிற்கும் பொம்மையை உள்ளே வைத்து மூடினால் வாரக்கணக்கில் பதம் மாறாது. காய்ச்சல், தடுப்பூசி, தூங்காத ராத்திரி எல்லாம் கடந்து திரும்பி வரும்போது மூக்கும் விரலும் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கும். கைக்குழந்தைக்காரிக்கு இந்த டப்பா இன்னொரு ஆள் மாதிரி.

குளிர்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பரில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக் காற்று வறண்டுவிடும். பொம்மையின் காதும் விரலும் மதியத்துக்குள் காய்ந்திருக்கும், உடம்பு ஈரமாகவே இருக்கும், சேரும் இடத்தில் விரிசல் விடும். மெல்லிய பாகங்களுக்கு மட்டும் முதலில் பிளாஸ்டிக் சுற்றிவையுங்கள், உடம்பும் மெதுவாகக் காய்ந்து ஈடு கொடுக்கட்டும். அனல் காற்று வரும் துவாரத்துக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். மண் மூட்டையை கராஜிலோ கார் டிக்கியிலோ விட்டால் உறைந்துவிடும். உறைந்து இளகிய மண் ஏடு ஏடாகப் பிரியும். தூக்கிப் போட வேண்டாம், நன்றாகப் பிசைந்தால் திரும்ப வந்துவிடும்.

சரி, சூளைக்கு வருவோம். பெரும்பாலான மின்சூளைகளுக்கு 240 வோல்ட்டில் தனி லைன் வேண்டும். ஒன்டாரியோவில் அதற்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் வர வேண்டும், எலெக்ட்ரிகல் சேஃப்டி அத்தாரிட்டியில் பதிய வேண்டும். வாடகை வீட்டில் இது நடக்கிற காரியமில்லை. நடந்தாலும் முதல் சூட்டில் மண்ணில் உள்ள மக்கு எரியும்போது கார்பன் மோனாக்சைடும் கந்தகப் புகையும் வரும். பிள்ளைகள் தூங்கும் பேஸ்மென்டில் அது கூடவே கூடாது.

அதற்குப் பதில் பக்கத்துப் பாட்டரி ஸ்டுடியோக்களில் சூளை வாடகை விசாரியுங்கள். தட்டுக் கணக்கிலோ கன அளவிலோ காசு வாங்குவார்கள். வெளியில் வாங்கிய மண்ணில் செய்ததைச் சேர்ப்பார்களா, எந்தக் கோன் (சூளைச் சூட்டைக் குறிக்கும் எண்) வரை சுடுவார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். நம் சிவப்பு மண்ணுக்குக் கோன் 06 அல்லது 04, அதாவது ஏறக்குறைய 1000 முதல் 1060 டிகிரி செல்சியஸ் போதும். உங்கள் பொம்மை வெடித்தால் பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் வேலையும் போகும். அதனால் உள்ளே குடைந்து எடுத்து, காற்றுப் போக ஒரு துளை விட்டுக் கொடுங்கள். வெடிக்க வைப்பது காற்றுக் குமிழி என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது உள்ளே மிச்சமிருக்கும் ஈரம், 100 டிகிரியில் நீராவியாகி வெளியே வர வழியில்லாமல் பிளக்கிறது. கொடுக்கும் முன் பொம்மையின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த வாரம் கொடுக்காதீர்கள்.

சூளையே தேவைப்படாத ஒரு பொருளில் தொடங்குவதுதான் என் யோசனை. விநாயகர் சதுர்த்திக்குச் சுடாத மண் பிள்ளையார். வீட்டிலேயே வாளியில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம் என்பதால் இங்கே அதை விரும்பிக் கேட்கிறார்கள். கரைத்ததை சிங்க்கில் ஊற்றக் கூடாது என்று சீட்டு எழுதியே கொடுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குக் குன்றிமணி வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அதைக் கடித்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷம், உங்கள் வீட்டிலும் வாங்குபவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். மிளகும் வேண்டாம், கறுப்பு மையால் கண் எழுதினாலே போதும்.

கொலு பொம்மையில் ஊர் விலையோடு போட்டி போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. ஊரிலிருந்து பெட்டியில் வரும் செட்டில் கிடைக்காததைச் செய்யுங்கள். தசாவதார செட்டில் வாமனர் மட்டும் உடைந்திருப்பார், அதே அளவில் ஒருவர் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அதற்கு உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஈர மண் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி, சுட்டபின் அளந்து பாருங்கள். 9 வந்தால், 9 அங்குலப் பொம்மைக்கு 10 அங்குலம் செய்ய வேண்டும் என்று கணக்கு. நவராத்திரி ஆர்டரை ஜூலையோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போகும் என்று சொல்ல முடியாது, தேதி சொல்லிவிட்டுத் தவிப்பது ராத்திரித் தூக்கத்தைத்தான் தின்னும்.

காகித வேலை பயப்படும்படி இல்லை. உங்கள் பெர்மிட்டில் சுயதொழில் செய்யலாம், சின் நம்பர் (அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்) வேண்டும். முழுப் பெயரிலேயே விற்றால் பெயர்ப் பதிவு தேவையில்லை. கடைப் பெயர் வைத்தால் ஒன்டாரியோவில் ஆன்லைனில் 60 டாலர், ஐந்து வருடத்துக்கு. தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் 30,000 டாலருக்கு உள்ளே விற்றால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதியத் தேவையில்லை. வருமான வரியில் சுயதொழில் வருமானத்துக்கு டி2125 படிவம். தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம், ஆனால் கட்ட வேண்டிய வரியை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில், சின்னப் பிள்ளைகள் விளையாட வரும் ஏர்லிஆன் மையங்கள் இலவசம், நீங்களும் கூடவே இருக்க வேண்டும். பெண்ணுக்கு நான்கு வயது ஆகும் வருடத்தின் செப்டம்பரில் முழுநாள் ஜூனியர் கிண்டர்கார்டன் கிடைக்கும், செலவில்லை. பிள்ளைகளுக்காக அரசு தரும் கனடா சைல்ட் பெனிஃபிட் பணம் உங்களுக்கு 18 மாதம் இங்கே இருந்தபிறகு, பெர்மிட்டும் செல்லுபடியில் இருந்தால், 19ஆம் மாதத்திலிருந்து கிடைக்கும். அதற்கு முன் வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். சூளை கிடையாது, சிங்க்கில் மண் ஊற்ற மாட்டேன், வாடிக்கையாளர் வீட்டுக்கு வர மாட்டார்கள், நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று நேரில் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சம்மதத்தை ஒரு வரி மெசேஜாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன். வீட்டில் தொழில் நடப்பதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஏதாவது என்றால் கைவிரித்துவிடுவார்கள். இரண்டும் முடிந்ததும் ஒரு பெட்டி சிவப்பு மண் வாங்குங்கள், பிள்ளையாரில் தொடங்கலாம்.